சேற்றுக்குழி அருகே ஐந்து நாள் காத்திருந்தும் எல்க் வரவில்லையா?

கேள்வி: ஐயா, நான் மதுரைப் பக்கம் பிறந்தவன். எட்டு வருஷமாக டென்வர் அருகே குடும்பத்தோடு இருக்கிறேன். வில் வேட்டையில் இது எனக்கு இரண்டாவது பருவம். கொலராடோவின் ஃப்ளாட் டாப்ஸ் மலையில் 10,200 அடி உயரத்தில், வடக்கு பார்த்த சரிவில், ஸ்ப்ரூஸ் என்கிற ஊசியிலை மரக் காட்டுக்குள் ஆண் எல்க் மான் புரளும் சேற்றுக்குழி ஒன்றை ஆகஸ்டிலேயே கண்டுபிடித்தேன். குழிக்கு மேல்புறம் இருபது கெஜத்தில் ஒரு மரத்தடியில் செப்டம்பர் முதல் வாரம் ஐந்து நாள் உட்கார்ந்தேன். விடியுமுன் போய்ப் பத்து மணிக்குக் கிளம்புவேன். மறுபடி நாலு மணிக்குப் போய் இருட்டும்வரை இருப்பேன். ஒன்றுமே வரவில்லை. ஆனால் அங்கே கட்டியிருந்த கேமராவில் மூன்று நாள் ஒரே எல்க் பதிவாகியிருக்கிறது. மணி 12.40, 1.15, 2.05. மூன்று முறையும் மேற்கே மேல்மூலையிலிருந்துதான் இறங்கி வருகிறது. நாலாம் நாள் காலை மேலே காட்டுக்குள் நாய் குரைப்பதுபோல ஒரே ஒரு சத்தம் கேட்டது. டேக், அதாவது வேட்டை அனுமதிச் சீட்டு, வீணாகிவிட்டது. அடுத்த வருஷம் அங்கேயே உட்காரலாமா, வேறு இடம் தேடட்டுமா? குளிக்கிற இடத்தில் ஒளிந்திருந்து அடிப்பது முறையா என்று மனைவி கேட்கிறாள். அந்தச் சேற்று நாற்றம் கறியில் ஏறுமா என்பது அவளுடைய இன்னொரு கேள்வி.

பதில்: தம்பி, ஐந்து நாளும் எல்க் வரவில்லை என்கிறீர்கள். வந்திருக்கிறது. மூன்று நாள் நீங்கள் கூடாரத்தில் நூடுல்ஸ் கிண்டிக்கொண்டிருந்த நேரத்தில் வந்திருக்கிறது. நாலாம் நாள் நீங்கள் இருக்கும்போதே வந்து, உங்களை மோந்து பார்த்து, ஏசிவிட்டும் போயிருக்கிறது. நீங்கள் கேட்டது நாய்க் குரைப்பு இல்லை. ஆபத்து என்று தோன்றினால் எல்க் அப்படித்தான் ஒற்றைக் குரலில் குரைக்கும். அந்தச் சத்தம் கேட்டால் அன்றைய ஆட்டம் முடிந்தது என்று பையைக் கட்டிவிடலாம்.

உங்களுக்குப் பதில் சொல்லுமுன், எல்க்கைப் பார்த்திராதவர்களுக்கு இரண்டு வார்த்தை. ஐரோப்பாவில் எல்க் என்றால் அது மூஸ் என்கிற வேறு விலங்கு. இங்கே பேசுவது வட அமெரிக்காவின் எல்க்கைப் பற்றி. ஷானி பழங்குடி மொழியில் இதன் பெயர் வாபிட்டி, வெள்ளைப் பிட்டம் உடையது என்று பொருள். நம்மூர் மிளாவைவிட, அதாவது கடமானைவிடப் பெரிய மான். வளர்ந்த ஆண் 300 கிலோவைத் தாண்டும். அமெரிக்க மாநிலங்களில் கொலராடோவில்தான் இது அதிகம். மிளாவைப் போலவே இதுவும் சேற்றில் புரளும். ஆகஸ்ட் கடைசியில் கொம்பின் மேல்தோல் உரிந்ததும் ஆணுக்கு உடம்பு கொதிக்க ஆரம்பிக்கும். ஊற்றுக் கசியும் இடமாகப் பார்த்து முன்காலால் பறித்து, கொம்பால் கிளறி, அதிலேயே மூத்திரம் பெய்து, பிறகு படுத்துப் புரளும். உடம்பு குளிரும், பூச்சிக்கடி குறையும். அதைவிட முக்கியம் அந்த நாற்றம்தான். பெண்களுக்கும் மற்ற ஆண்களுக்கும் 'நான் வந்துவிட்டேன்' என்று அது போடும் தண்டோரா அது.

இனி உங்கள் விஷயம். உங்கள் இடம் சரி, மாதம் சரி. தப்பு இரண்டு: நேரம், காற்று. இரண்டும் ஒன்றையொன்று எப்படிக் கெடுத்தன என்று பாருங்கள்.

மலையில் இரவெல்லாம் குளிர்ந்த காற்று கனத்துப்போய்ச் சரிவோடு கீழே வழியும். வெயில் ஏறித் தரை சூடானதும் திரும்பி மேலே ஏற ஆரம்பிக்கும். மாலையில் நிழல் விழுந்ததும் மறுபடி இறங்கும். அடர்ந்த காட்டுக்குள் வானிலை அறிக்கை சொல்லும் காற்றைவிட இந்த ஏற்ற இறக்கம்தான் ராஜா. நீங்கள் உட்கார்ந்தது குழிக்கு மேலே. விடியற்காலையில் உங்கள் வாசனை முழுக்கக் குழியின்மேல் கொட்டியிருக்கும். பத்து மணி வாக்கில் காற்று திரும்பி மேலே ஏறத் தொடங்கி, உங்கள் இடம் ஓரளவு சரியான இடமாக மாறுகிற அதே நேரத்தில் நீங்கள் எழுந்து போய்விடுகிறீர்கள். நாலு மணிக்குத் திரும்பி வரும்போது ஒரு மணி நேரமோ ஒன்றரை மணி நேரமோ நல்ல காற்று மிச்சம் இருந்திருக்கும். வடக்குச் சரிவில் வெயில் சீக்கிரம் போய்விடும், அதனால் ஐந்தரைக்கே காற்று இறங்க ஆரம்பித்து மறுபடி குழியை நாறடித்திருக்கும். மொத்தத்தில் காவலுக்கு ஆகாத நேரத்தில் எல்லாம் காவல் இருந்து, ஆகும் நேரத்தில் எல்லாம் சாப்பாட்டுக்குப் போயிருக்கிறீர்கள்.

வருத்தப்படாதீர்கள். வழிகாட்டியாக வேலை பார்த்த என் முதல் பருவத்தில், காசு கொடுத்து வந்தவரையே இப்படித்தான் குழிக்கு மேலே உட்காரவைத்தேன். மூன்றாம் நாள் விடியலில் அதே குரைப்பு. அவர் என்னைப் பார்த்த பார்வை இன்றும் மறக்கவில்லை.

மத்தியானத்தில் ஏன் வருகிறது? விடியலிலும் அந்தியிலும் அதற்கு வேறு வேலை. பெண்கள் மேயும் புல்வெளி ஓரங்களில் சுற்றும், கத்தும். வெயில் ஏறியதும் அடர்ந்த காட்டின் நிழலில் போய்ப் படுக்கும். இரண்டு மூன்று மணி நேரம் படுத்து அசைபோட்டுவிட்டு, நடுப்பகலில் எழுந்து கைகாலை நீட்டி, பக்கத்தில் உள்ள ஊற்றில் தண்ணீர் குடித்து, ஒரு புரளல் புரண்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்ளும். உங்கள் கேமராவின் மூன்று படமும் பன்னிரண்டரைக்கும் இரண்டேகாலுக்கும் நடுவில்தான். அப்படியென்றால் படுக்கை தூரத்தில் இல்லை. மேற்கே மேல்மூலையில் சில நூறு கெஜத்துக்குள் இருக்க வேண்டும். அது மேலிருந்து இறங்குவதற்கும் காரணம் உண்டு. அந்த நேரத்தில் காற்று மேலே ஏறுகிறது. குழியில் யார் இருந்தாலும் இறங்குமுன்பே அதற்கு மூக்கில் தெரிந்துவிடும். முட்டாள் விலங்கு இல்லை, தம்பி.

ஆகவே அடுத்த செப்டம்பரில் குழியின் கிழக்குப் பக்கம் போங்கள். குழி இருக்கும் அதே மட்டத்தில், சரிவின் நடுவே கொஞ்சம் சமமாக இருக்கும் திட்டை ஒட்டி, இருபத்தைந்து கெஜத்தில் மறைவு பாருங்கள். இறங்குகாற்று உங்கள் வாசனையை வடக்கே பள்ளத்துக்குக் கொண்டுபோகும். ஏறுகாற்று தெற்கே மேலே கொண்டுபோகும். பொதுவாக அங்கே மேற்கிலிருந்து அடிக்கும் காற்று வந்தாலும் கிழக்கே தள்ளும். குழியும் தடமும் இரண்டுமே தப்பும். ஆனால் திரும்பும் வேளையில், காலை ஒன்பதிலிருந்து பத்து மணி வரைக்கும், காற்று ஒரு நிலையில் இருக்காது, சுழலும். அதனால் பத்தரைக்கு மேல் கிழக்கிலிருந்து நடந்து வந்து உட்காருங்கள், நிழல் குழியைத் தொடுமுன் அதே வழியில் கிளம்பிவிடுங்கள். சின்னப் பிதுக்குப் புட்டியில் வாசனையில்லாத பொடி போட்டு வைத்திருந்து பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை ஊதிப் பாருங்கள். பொடி மேற்கே போனால் எழுந்துவிடுங்கள். ஒரு நாள் போனால் போகட்டும், குழி பிழைக்கும். காலையும் மாலையும் இங்கே வராமல் புல்வெளி ஓரத்தில் எங்கே கத்துகிறது என்று கேளுங்கள்.

மேற்குத் தடத்திலேயே போய் உட்கார்ந்தால் என்ன என்று தோன்றும். பழகிய வேட்டைக்காரர்கள் பலர் குழியை விட்டுவிட்டுத் தடத்தில்தான் காத்திருப்பார்கள், நானும் அந்தக் கட்சிதான். ஆனால் உங்கள் இடத்தில் அந்தத் தடம் படுக்கைக்கு நேராகப் போகிறது. படுக்கையில் ஒருமுறை கலைந்தால் அந்த வாரம் திரும்பாது. இரண்டாம் பருவக்காரருக்கு அந்தச் சூதாட்டம் வேண்டாம்.

கேமராவை எத்தனை முறை போய்ப் பார்த்தீர்கள் என்று எழுதவில்லை. அடிக்கடி போயிருப்பீர்கள். எல்லாரும் போவோம், கை சும்மா இருக்காது. ஒவ்வொரு முறையும் குழியைச் சுற்றி உங்கள் காலடி வாசனை ஒரு நாளாவது நிற்கும். ஆகஸ்டில் ஒருமுறை மாட்டுங்கள், பருவம் தொடங்குமுன் ஒருமுறை அட்டையை எடுத்துப் பாருங்கள், அதோடு சரி. சிம் போட்டு படத்தைக் கைப்பேசிக்கு அனுப்பும் கேமராவைக் காட்டிச் சிலர் ஆசை மூட்டுவார்கள். கொலராடோவில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு அன்றோ மறுநாளோ வேட்டைக்குப் போவது சட்டவிரோதம். அரிசோனாவில் 2022 முதல் வேட்டைக்கு டிரெயில் கேமராவே கூடாது. அங்கேயெல்லாம் தண்ணீர் இருக்கும் இடம் குறைவு, ஒவ்வொரு குட்டையிலும் பத்துப் பதினைந்து கேமரா தொங்கினால் யாருக்குத்தான் நிம்மதி?

வேறு இடம் தேடட்டுமா என்று கேட்டீர்கள். இதை விடாதீர்கள், ஆனால் இதை மட்டும் நம்பாதீர்கள். ஈரம் இருக்கும்வரை ஒரே குழிக்கு வருஷாவருஷம் வரும். பனி குறைந்த வருஷம் ஊற்று வற்றினால் குழி வெறும் வெடிப்புத் தரையாகக் கிடக்கும். அதோடு ஒரு ஆண் ஒரே குழியில் நிற்பதில்லை, இரண்டு மூன்றைச் சுற்றி வரும். இடம் தேட உயரக்கோடு போட்ட வரைபடத்தை எடுங்கள். கோடுகள் நெருங்கி வந்து, நடுவில் கொஞ்சம் அகன்று, மறுபடி நெருங்கினால் அது திட்டு. வடக்கோ வடகிழக்கோ பார்த்த சரிவில், 9,000 அடிக்கு மேல், காட்டுக்குள் அப்படி ஒரு திட்டு, பக்கத்தில் ஊற்றுக்குறி அல்லது சிற்றோடையின் தலை. செயற்கைக்கோள் படத்தில் ஆகஸ்ட் கடைசியில் சுற்றுப்புறம் காய்ந்து பழுப்பாக இருக்கும்போது அங்கே மட்டும் கைக்குட்டை அளவு பச்சை தெரியும். ஜூலையில் பார்த்தால் எல்லாமே பச்சை, ஒன்றும் புரியாது.

அப்படிப் பத்து இடம் குறித்துக்கொண்டு நடந்தால் மூன்றில் குழி இருக்கும். நாற்றமே கூப்பிடும், மாட்டுத் தொழுவத்தில் மூத்திரம் தேங்கிய மூலையின் நெடி. ஆனால் தேசிய வனத்தில் கோடையில் மாடு மேய்க்க அனுமதி உண்டு, அதுவே குழப்பமும் கூட. மாடு மிதித்த ஊற்று அகலமாகக் குழம்பிக் கிடக்கும், சுற்றிலும் சாணி. எல்க் குழி தொட்டி மாதிரி இருக்கும், ஒன்றிரண்டு மீட்டர் அகலம், முழங்கால் ஆழம், விளிம்பில் உடம்பு அச்சு. பக்கத்து மரங்களில் கொம்பு தேய்த்து உரித்த பட்டை, உங்கள் நெஞ்சு உயரத்துக்குச் சேறு அப்பியிருக்கும். மாட்டுக் குளம்பு உருண்டை, எல்க் குளம்பு கொஞ்சம் நீளம், ஆணுக்கு நாலு அங்குலத்துக்கு மேல். பிறகு சேற்றைப் பாருங்கள். தண்ணீர் இன்னும் கலங்கலாக இருந்து, புல்மேல் தெறித்த சேறு விரலில் ஒட்டினால் சற்று முன்தான் வந்துபோயிருக்கிறது. தண்ணீர் தெளிந்து, தெறித்த சேறு சாம்பல் நிறமாக உதிர்ந்தால் பல நாள் ஆயிற்று. பார்த்ததும் கிளம்புங்கள். போட்டோ எடுக்கக் குழிக்குள் இறங்காதீர்கள். ஊற்றே இல்லாத இடத்தில் நாமே வெட்டித் தண்ணீர் ஊற்றிக் குழி செய்யலாம் என்று இணையத்தில் யோசனை சொல்வார்கள். தனியார் நிலத்துக்காரர் தன் நிலத்தில் என்னவோ செய்துகொள்ளட்டும். தேசிய வனத்தில் மண்வெட்டி எடுத்தால் அபராதம் வரும்.

ஃப்ளாட் டாப்ஸ் என்பதால் ஒரு எச்சரிக்கை. 1940களில் வண்டுத் தொல்லையில் அங்கே ஸ்ப்ரூஸ் காடு பெருமளவில் செத்தது. எந்த மரத்தடியில் சாய்ந்து உட்கார்ந்தாலும் மேலே அண்ணாந்து பார்த்துவிட்டு உட்காருங்கள். காற்று நாளில் காய்ந்த மரம் சொல்லாமல் விழும். இன்னொன்று, செப்டம்பர் நடுவில் மருந்து கெட்டிக்கும் பழைய பாணித் துப்பாக்கிக்காரர்களுக்கு ஒன்பது நாள் பருவம் வருகிறது. வில்காரருக்கு ஆரஞ்சு நிறச் சட்டை கட்டாயமில்லை என்றாலும் அந்த நாட்களில் நடக்கும்போது போட்டுக்கொள்ளுங்கள்.

நாட்கணக்கைப் பொறுத்தவரை ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் நடு வரை குழிக்கு நல்ல காலம். அதற்குப் பிறகு பெரிய ஆண் தன் பெண்கூட்டத்தை விட்டு நகராது, பக்கத்து ஆண் கடத்திக்கொண்டு போய்விடுமே என்ற பயம். கூட்டம் கிடைக்காத இளவட்டங்கள் மட்டும் புரண்டுகொண்டிருக்கும். ஒரே குழியில் தொடர்ந்து ஐந்து நாள் உட்காராதீர்கள். இரண்டு நாள் இருந்து, இரண்டு நாள் விட்டு, அடுத்த குழிக்குப் போய் வாருங்கள்.

அது வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இங்கேதான் பலர் கெடுக்கிறார்கள். குழிக்குள் படுத்திருக்கும்போது அம்பு விடவே கூடாது. நெஞ்சு தரையோடு அமுங்கி, கால் மடங்கி, எந்த உறுப்பு எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. இறங்குமுன் விளிம்பில் ஒரு நொடி நிற்கும், குனிந்து மோக்கும். அப்போது உடம்பும் காய்ந்திருக்கும். பக்கவாட்டில் நின்றால் முன்காலின் பின்வரிசையில், உடம்பு உயரத்தில் கீழ் மூன்றில் ஒரு பங்கில் அம்பு போக வேண்டும். அந்த நொடி தப்பினால் பொறுங்கள். அரைமணி நேரம்கூடப் புரளும், எழுந்து உதறும், பிறகு நிற்கும். வில்லை இழுப்பது அது தலைகுனிந்து சேற்றைக் கிளறும்போது. கொம்புக் கிளைகளை முதலிலேயே எண்ணிவிடுங்கள். கொலராடோவின் பெரும்பாலான பகுதிகளில் ஒரு பக்கக் கொம்பில் நாலு கிளையோ, ஐந்து அங்குல நெற்றிக்கிளையோ இருந்தால்தான் அடிக்கலாம். கொம்பில் புல்லும் வேரும் சேறும் தொங்கிக்கொண்டிருக்கும், கிளை மாதிரியே தெரியும். சந்தேகம் என்றால் வில்லை இறக்குங்கள்.

சேறு பூசிய உடம்பில் இரத்தம் வெளியே சொட்டாமல் மயிரிலேயே ஊறிவிடும். முதல் ஐம்பது கெஜம் இரத்தத்தைத் தேடாமல், புல்மேல் சொட்டிய சேற்றையும் ஈரக் குளம்படியையும் பாருங்கள். நல்ல அடி என்று தோன்றினாலும் அரைமணி உட்கார்ந்துவிட்டு எழுந்திருங்கள். அம்பு குடலில் பட்டதென்று தெரிந்தால் ஆறு மணி நேரம் கழித்துத்தான்.

உங்கள் மனைவியின் முதல் கேள்விக்கு வருகிறேன். முறைதான் என்பது என் கருத்து. இருபத்தைந்து கெஜத்தில், அசையாமல் நிற்கும் விலங்குக்கு, அவசரமில்லாமல் விடும் அம்பு வேதனையைக் குறைக்கிறது. ஓடுகிற கூட்டத்தின்மேல் அறுபது கெஜத்திலிருந்து விடுவதுதான் எனக்கு நெஞ்சு ஒப்பாதது. ஆனால் காய்ந்த வருஷம் ஒரு பள்ளத்தாக்குக்கே அந்த ஒரு குழிதான் தண்ணீர் என்றால் நான் அங்கே பகல் முழுக்க உட்காருவதில்லை. கன்றோடு வரும் பெண் குடிக்காமல் திரும்புவதைப் பார்த்துக்கொண்டு உட்கார மனம் வராது. அரிசோனாவில் தண்ணீர்த்துறையிலிருந்து கால் மைலுக்குள் கூடாரம் போடவே சட்டம் விடாது. நல்ல சட்டம். இங்கே அப்படி ஒன்று இல்லாவிட்டாலும் உங்கள் கூடாரத்தைத் தள்ளியே போடுங்கள்.

இரண்டாவது கேள்வி, நாற்றம். கறியில் நாற்றம் இருக்காது, மயிரிலும் தோலிலும்தான் இருக்கும். கறிக்கு அதைக் கொண்டுபோவது நம் கையும் கத்தியும். சேற்றில் புரண்டதை அடித்தால் முதலில் வயிற்றுப்பக்க மயிரைத் தண்ணீர் விட்டுத் துடையுங்கள், குழித் தண்ணீரால் அல்ல. தோலுக்கு ஒரு கத்தி, கறிக்கு ஒரு கத்தி. தோலை எப்போதும் உள்ளிருந்து வெளியே அறுங்கள். வெளியிலிருந்து அறுத்தால் மயிர் வெட்டுப்பட்டுக் கறியில் ஒட்டும், மணல் கத்தி முனையை நாலு கீறலில் மழுக்கிவிடும். மயிரைப் பிடித்த கையால் கறியைத் தொடாதீர்கள், கையுறையை மாற்றுங்கள். வயிற்றைத் திறக்காமலே ஒரு பக்கத் தோலை விலக்கி, முன்கால், பின்கால், முதுகுச்சதை என்று எடுத்துத் துணிப்பையில் போட்டு நிழலில் காற்றாடத் தொங்கவிடுங்கள், பிறகு மறுபக்கம் திருப்பலாம். செப்டம்பர் மத்தியான வெயிலில் நாற்றத்தைவிடச் சூடுதான் எதிரி. உள்ளே தொடைச்சதை எலும்பை ஒட்டிச் சூடு அடங்காமல் கெட்டுப்போகும். எலும்பை நீக்கியே கறி எண்பது கிலோவுக்குக் குறையாது, தனியாகச் சுமந்தால் நாலைந்து நடை. யாரிடமாவது முன்கூட்டியே சொல்லிவையுங்கள். நாலு கால், முதுகுச்சதை, உள்முதுகுச்சதை இவற்றை விட்டுவிட்டு வந்தால் அதுவும் குற்றம். ஆண் என்பதற்கான அடையாளத்தைக் கறியோடு விட்டு வையுங்கள்.

தலையை மாநில வனவிலங்குத் துறையிடம் கொடுத்துச் சி.டபிள்யூ.டி. சோதனை செய்துகொள்ளுங்கள். மான் இனத்தை உருக்கிக் கொல்லும் அந்த நோய் 1967இல் முதன்முதலில் கவனிக்கப்பட்டதே கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸில்தான். மனிதருக்கு ஒட்டியதாக இதுவரை நிரூபணம் இல்லை. இருந்தாலும் நோய் உறுதியானால் சாப்பிட வேண்டாம் என்பதுதான் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் ஆலோசனை. முடிவு வரும்வரை உறைபெட்டியில் தனியாக வையுங்கள். முதுகெலும்பையும் மூளையையும் சமையலறைப் பக்கமே கொண்டுவராதீர்கள்.

முடிவு நல்லபடி வந்தால் மனைவியிடம் சொல்லுங்கள்: கொழுப்பே இல்லாத கறி, ஆட்டுக்கறி என்று நினைத்து முதுகுச்சதையைக் குக்கரில் வைத்தால் மரக்கட்டையாகிவிடும். அதை மிளகு தடவிச் சட்டியில் சூடு தாங்க இரண்டு புரட்டு புரட்டி இறக்கிவிட வேண்டும். குழம்புக்கு முன்னங்கால் தண்டுச்சதை, சின்ன வெங்காயம் தாராளமாக, சிறு தீயில் மூன்று மணி நேரம்.